மலையண்ணன் வாயில் வைத்த கல்

மலைக்கும் பறவைக்கும் மனிதருக்கும் ஒரே பேச்சு இருந்த அந்தக் காலத்தில், சுற்றிலும் கடல் கிடந்த ஒரு தீவின் நடுவே ஒரு நெருப்புமலை இருந்தது. அதற்கு இரண்டு வாய். கிழக்கு வாய் பேசுவதற்கு, மேற்கு வாய் நெருப்புக்கு. ஒரு வாய் உள்ளவர்களையே அடக்க முடியாத உலகத்தில் இரண்டு வாய்க்காரன் எப்படி இருந்திருப்பான் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிற வரை பேச்சுதான். பேசினால் தரை அதிரும், பானைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். சிரித்தாலோ, ஓட்டை ஓட்டையான நுரைக்கற்கள் பறந்து வந்து கூரைமேல் விழும். எடையே இல்லாத கல், மண்டையில் விழுந்தாலும் வலிக்காது. பிள்ளைகள் அதைப் பொறுக்கிப் போய்த் தண்ணீரில் மிதக்கவிட்டு விளையாடுவார்கள்.

மலையடிவாரத்தில் இருந்த ஊரில் யாரும் வீட்டில் தீ உண்டாக்கியதில்லை. காலையில் பெண்கள் கொட்டாங்கச்சியோடு மலையேறி, மேற்கு வாயில் கங்கு எடுத்து வருவார்கள். மலை சும்மா கொடுக்காது. "இன்னைக்கு என்ன கொழம்பு? நேத்து வச்ச கொழம்புல உப்புக் கம்மின்னு உன் வீட்டுக்காரன் சொன்னானாமே?" என்று எல்லாவற்றையும் விசாரித்துவிட்டுத்தான் கொடுக்கும். அது துப்பிய சாம்பல் படிந்து படிந்து மண் கருத்துக் கிடந்தது. அந்த மண்ணில் கிழங்கு தொடை பருமனுக்கு விளைந்தது. அதனால் அதன் தொணதொணப்பை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த ஊரில் சிலம்பாயி என்று ஒருத்தி இருந்தாள். கூடப்பிறந்தவர்கள் யாரும் அவளுக்குக் கிடையாது. அவள் கல்யாணத்தன்று, அண்ணன் செய்ய வேண்டிய சடங்கை யார் செய்வது என்று ஊர் கூடிப் பேசிக்கொண்டிருந்தபோது, மேலேயிருந்து மலை சொன்னது: "ஏன், நான் இல்லையா? இன்னையிலேருந்து அவ எனக்குத் தங்கச்சி." சொன்னதோடு நிற்காமல், கண்ணாடி போல வழவழப்பான கருங்கல் துண்டு ஒன்றை அவள் காலடியில் உருட்டிவிட்டது. அண்ணன் வீட்டுச் சீர். அன்றிலிருந்து அவளுக்கு அது மலையண்ணன். கங்கெடுக்கப் போனால் மற்றப் பெண்களெல்லாம் இறங்கிய பிறகும் உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் வருவாள்.

சிலம்பாயிக்கு முதலில் பிறந்த இரண்டு குழந்தைகளும் தங்கவில்லை. சத்தம் கேட்டால் உடம்பு விறைக்கும், உதட்டில் நீலம் பாயும். அப்படி விறைத்தே இரண்டும் போய்விட்டன. மூன்றாவதாக ஒரு பெண் பிறந்தது. அரும்பு என்று பேர் வைத்தார்கள். அதற்கும் அதே கோளாறு.

ஊரில் இதற்கென்று ஒரு வழக்கம் இருந்தது. நோஞ்சான் குழந்தை உள்ள வீட்டுத் தாய், அக்கம்பக்கத்தில் சத்தம் போடுகிறவர்களிடம் போய் ஆளுக்கொரு கூழாங்கல் கொடுப்பாள். வாங்கியவர்கள் அதை நாக்கடியில் அடக்கிக்கொள்ள வேண்டும். வாய்க்கல் என்று அதற்குப் பெயர். வாய்க்கல் வைத்தவரிடம் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. தாய் சொல்லி அனுப்பும் சேதியை மட்டும் சொல்லலாம். குழந்தை தேறியதும் அந்தத் தாயே நேரில் வந்து, "கல்லைத் துப்புங்க" என்று சொல்ல வேண்டும். அவள் சொல்லாமல் துப்பினால் அந்தக் குழந்தைக்கு ஆகாது. ஆகவே எப்பேர்ப்பட்ட வாயாடியும் கல்லை மட்டும் மீற மாட்டார். எதிர்வீட்டுக் காத்தாயியே கல்லை வாங்கி அடக்கிக்கொண்டாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊர் அடங்கியது. ஆனால் மலை பேசும்போதெல்லாம் அரும்பு விறைத்தது. ஒரு நாள் விறைத்த குழந்தைக்கு மூச்சு வர வெகு நேரமாயிற்று. சிலம்பாயி அவளைக் கணவன் மருதையன் கையில் கொடுத்துவிட்டு, இரண்டு கூழாங்கற்களை எடுத்துக்கொண்டு மலையேறினாள்.

"அண்ணா, கோவிச்சுக்க மாட்டியே?" என்றாள்.

"கல்லு கொண்டாந்திருக்கியா?" என்றது மலை. "நீ எப்ப வருவேன்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். என் சத்தத்துலதான் அந்த ரெண்டும் போச்சுன்னு எனக்குத் தெரியாதுன்னா நினைச்சே?"

சிலம்பாயி அழுதுவிட்டாள்.

"அழாத தாயி. ரெண்டு வாய்க்கும் போடு. ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன். மருமகளுக்குக் காது குத்துறப்ப என் மடியிலதான் வச்சுக் குத்தணும். தாய்மாமன் நான் இருக்கேன்."

"உன் மடியிலதான் அண்ணா. தேறுனதும் ஓடியாந்து சொல்றேன்."

கிழக்கு வாயில் ஒன்று, மேற்கு வாயில் ஒன்று என்று கல்லைப் போட்டாள். மலை வாயை மூடிக்கொண்டது. தீவு பிறந்த நாளிலிருந்து இல்லாத ஓர் அமைதி அன்று வந்தது. கீழே அரும்பு முதல்முறையாகத் தொட்டிலில் முழுத் தூக்கம் தூங்கினாள்.

அடுத்த மழைக்காலம் வருவதற்குள் குழந்தை தேறிவிட்டாள். கன்னம் உப்பியது, தவழ்ந்தாள், பக்கத்து வீட்டு நாயின் வாலைப் பிடித்து இழுத்தாள். சிலம்பாயி வீடு வீடாகப் போய் வாய்க்கல்லை எடுத்தாள். காத்தாயி துப்பிய அன்று பேச ஆரம்பித்தவள் வெகு நாள் நிறுத்தவில்லை. மலையிடம் மட்டும் சிலம்பாயி போகவில்லை.

"போய்ச் சொல்லிட்டு வந்துடேன்" என்றான் மருதையன்.

"நாளைக்குப் போறேன்."

பயம்தான். மனிதர் பேச்சுக்குப் பழகிய குழந்தை மலைப் பேச்சைத் தாங்குமா? அந்தப் பயத்தைத் தப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டைப் பறிகொடுத்தவள். ஆனால் பயம் கொஞ்சம் கொஞ்சமாக வசதியாகவும் மாறியது. மலை அடங்கியதால் சரிவில் நெருப்பும் கல்லும் விழவில்லை. ஊர்க்காரர்கள் மேலே மேலே தோட்டம் போட்டார்கள். காத்தாயியே வந்து, "கொஞ்ச நாள் கெடக்கட்டும் சிலம்பாயி. இப்பத்தான் நிம்மதியாத் தூங்குறோம்" என்றாள். அதைக் கேட்டதும் சிலம்பாயிக்குப் பாரம் குறைந்தாற்போல இருந்தது. தன் பயத்தை ஊர் நன்மை என்று பேர் மாற்றிக்கொண்டாள்.

மலை உச்சியில் ஓர் இருவாச்சி இருந்தது. பெரிய மஞ்சள் அலகும் அதன்மேல் கொண்டையுமாக இருக்குமே, அந்தப் பறவை. மலைக்கு அது நெடுநாள் சிநேகிதன். அது ஒரு நாள் இறங்கி வந்து முருங்கைமரத்தில் உட்கார்ந்தது.

"தாயி, உங்கண்ணன் கல்லை உள்ளுக்குள்ள ஒரு புரட்டுப் புரட்டுது. காலுக்கடியில எனக்குத் தெரியுது. புள்ளைக்கு எப்படி இருக்குன்னு கேக்குது. என்ன சொல்லட்டும்?"

அரும்பு அப்போது முற்றத்தில் குதித்துக்கொண்டிருந்தாள். இருவாச்சி அவளைப் பார்த்தது. சிலம்பாயியும் பார்த்தாள். பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"இன்னும் சரியாகலைன்னு சொல்லு."

இருவாச்சி பறந்து போனது.

அந்த ஒரு சொல்தான். அதைக் கேட்ட மலை, பாவம், இன்னும் இறுக்கி மூடிக்கொண்டது. தான் விடுகிற மூச்சுகூடக் குழந்தைக்கு ஆகவில்லையோ என்று மூச்சையும் அடக்கியது. பேச்சுத்தான் அதன் நெருப்புக்கு ஊதுகுழல். பேச்சு நின்றபின் நெருப்பு மெல்ல உள்ளே இறங்கியது. மூடிய மேற்கு வாயின் இடுக்கில் கசிந்த கங்கு குறைந்துகொண்டே வந்து ஒரு நாள் ஒன்றுமில்லாமல் போயிற்று. ஊர்க்காரர்கள் கல்லோடு கல்லைத் தட்டித் தீ உண்டாக்கப் பழகிக்கொண்டார்கள். பிறகு மலையேற யாருக்கும் காரணமில்லை.

இருவாச்சி மறுபடியும் வந்தது. "வாயில மழைத்தண்ணி தேங்குது தாயி. முன்னெல்லாம் விழுமுன்னே ஆவியாப் போயிடும்."

"அண்ணன் தாகத்துக்கு ஆச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள் சிலம்பாயி. அன்று அவள் சாப்பிடவில்லை.

அரும்புக்குக் காது குத்தும் வயது வந்தது. தள்ளிப்போட முடிகிற வரை தள்ளிப்போட்டாள். ஊர் கேட்கத் தொடங்கியதும் வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டார்கள். தாய்மாமன் மடிக்கு மருதையனின் கூட்டாளி ஒருவனை உட்கார வைத்தார்கள். பிடிகிழங்கு அவித்து, மீன் சுட்டு, ஊருக்கே விருந்து. காதில் முள் இறங்கியதும் குழந்தை வீறிட்டது. எல்லாரும் சிரித்தார்கள். சிலம்பாயி நிமிர்ந்தபோது முருங்கைமரத்தில் இருவாச்சி இருந்தது.

பந்தல் ஓரமாகப் போய், கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். "அண்ணன்கிட்டச் சொல்லிடுவியா?"

"எப்படிச் சொல்லுவேன்?" என்றது இருவாச்சி. "மருமகளுக்கு இன்னும் நோவு தீரலையேன்னு அது கரைஞ்சுக்கிட்டுக் கெடக்கு. உன் மகளுக்குக் காது குத்தியாச்சு, உன்னைக் கூப்பிடலைன்னு நான் எந்த வாயால சொல்றது? நீ செஞ்சதை நீயே வந்து சொல்லு." அதற்குப் பிறகு அது ஊருக்குள் வரவேயில்லை.

நாளைக்குப் போகலாம் என்ற நாளை வளர்ந்துகொண்டே போனது. நாள் ஆக ஆகப் போவது கடினமாயிற்று. எந்த முகத்தோடு போய் நிற்பது? குற்றம் செய்தவர்கள் எல்லாரும் கேட்கிற கேள்விதான் இது. பதில் கிடைக்கும் என்று யாரும் கேட்பதில்லை.

ஆடு ஓட்டும் வயதில் ஒரு நாள், அரும்பு தொலைந்த கிடாயைத் தேடி உச்சிவரை போய்விட்டாள். திரும்பி வந்து, "அம்மா, மேல ரெண்டு ஏரி இருக்கு தெரியுமா? ஒண்ணு நீலம், தொட்டா சில்லுன்னு இருக்கு. இன்னொண்ணு மஞ்சளும் பச்சையுமா இருக்கு, கை வைக்க முடியலை, சுடுது. நாத்தம் வேற" என்றாள்.

சிலம்பாயி கையிலிருந்த அகப்பையைக் கீழே போட்டுவிட்டு, மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மலையேறினாள். வழியெல்லாம் புதர் மண்டிக் கிடந்தது. தான் தினமும் நடந்த பாதையே அவளுக்குத் தெரியவில்லை.

மேற்கு வாய் இருந்த இடத்தில் நீல ஏரி அசையாமல் கிடந்தது. கிழக்கு வாயில் மஞ்சள்பச்சைத் தண்ணீர், கந்தக நாற்றம். கரையில் மடி போலக் குழிந்த ஒரு கருங்கல்மேல் கிழட்டு இருவாச்சி உட்கார்ந்திருந்தது.

"அண்ணா" என்று கூப்பிட்டாள் சிலம்பாயி. "அண்ணா, கல்லைத் துப்பு. போதும். துப்பிடு."

தண்ணீர் அப்படியே இருந்தது. இன்னும் உரக்கக் கூப்பிட்டாள். தொண்டை கம்மும் வரை கூப்பிட்டாள். கிழக்கு ஏரிக்குள் இறங்கினாள், காலில் கொப்புளம் கிளம்பியது. ஒரு கை அள்ளிக் குடித்தாள், புளிப்பும் கசப்புமாக வாயை எரித்தது. கரையேறி வந்து அரும்பைத் தூக்கிக் கருங்கல்மேல் உட்கார வைத்தாள். "இந்தா பாரு உன் மருமக. என்னைவிட உசரமா வரப்போறா. எப்பவோ தேறிட்டா அண்ணா. நான்தான் சொல்லலை. நான்தான் பொய் சொன்னேன்."

"தண்ணிக்கு மேல சொல்றது தண்ணிக்கு அடியில கேக்காது தாயி" என்றது இருவாச்சி.

அப்போது ஏரியின் நடுவில் குமிழி வந்தது. ஒன்று, அப்புறம் கொத்தாக. தரை லேசாக ஒரு முறை நடுங்கியது. சிலம்பாயி முகம் மலர்ந்து திரும்பினாள். "கேட்டுடுச்சு. பதில் சொல்லுது பாரு."

"பதில் இல்லை. அது கல்லைப் புரட்டுது. எப்பவும் கேக்குறதைத்தான் கேக்குது."

"என்ன கேக்குது?"

"புள்ளைக்கு எப்படி இருக்குன்னு."

சிலம்பாயி அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு தினமும் ஏறினாள், சாகிற வரைக்கும். கேட்கவில்லை என்று தெரிந்தும் சொன்னாள். அவளுக்குப் பின் அரும்பு, தன் பிள்ளைகளைக் கூட்டிப் போய்ச் சொன்னாள். இருவாச்சி இனம் அந்த நாளோடு மனிதரிடம் சேதி கொண்டுவருவதை விட்டுவிட்டது. நம் பேச்சைச் சுமந்து போனதில் அதற்குக் கிடைத்தது போதும் என்று நினைத்திருக்கும்.

அன்று முதல்தான் அந்த மலை வாய் திறக்காமல் கிடக்கிறது. மேற்கு ஏரி நீலமாகக் குளிர்ந்து கிடக்க, கிழக்கு ஏரி கொதித்துக் குமிழி விட்டுக்கொண்டே இருக்கிறது. அன்று முதல்தான் அந்த ஊர்த் தாய்மார்கள் பிள்ளைகளுக்கு அந்தக் கரையில், கருங்கல்லில் உட்கார வைத்துக் காது குத்துகிறார்கள். குத்தி முடித்ததும் தண்ணீர்ப் பக்கம் குனிந்து, "புள்ளைக்கு நல்லா இருக்கு" என்று சொல்கிறார்கள். ஆனால் சரிவு முழுக்க இப்போது வீடும் தோட்டமும் இருப்பதால், மலைக்குக் கேட்டு அது கல்லைத் துப்பிவிடாதபடி மெதுவாகத்தான் சொல்கிறார்கள்.