மூன்றாவது குழாய்

"கோபமெல்லாம் தீர்ந்துபோச்சும்மா. இன்னைக்கே கீழே இறங்கட்டுமா?" என்று கேட்டார் குலசேகரன்.

மலைக்குக் கீழே தம்பி வீடு இருந்தது. அப்பா செத்ததைக்கூடச் சொல்லியனுப்பாத தம்பி. ஒன்பது வருஷமாக அவன் முகத்தில் இவர் விழிக்கவில்லை. இப்போது தன் மகள் கல்யாணப் பத்திரிகையில், 'அண்ணா, வா' என்று எழுதி அனுப்பியிருந்தான். விடிந்தால் முகூர்த்தம்.

பூங்கோதையம்மாள் தீர்த்தக் குடுவையை எடுத்து முன்னால் வைத்தார். மலைமேல் இருந்த ஆசிரமத்துக்குக் குருவானாலும் அவர் குலசேகரனைவிடப் பத்து வயது சின்னவர்.

மேகம் மலையேறி வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தது. உள்ளே வரலாமா என்று அதுவும் கேட்பதுபோல் இருந்தது.

அந்த ஆசிரமத்துத் தீர்த்தம் கிணற்றிலிருந்து வராது. துத்தநாகத் துண்டுகள்மேல் அமிலம் ஊற்றுவார்கள். பொங்கிவரும் ஹைட்ரஜனைக் குடுவை மூக்கில் கொளுத்தி, சுடருக்குமேல் குளிர்ந்த கண்ணாடித் தட்டைப் பிடிப்பார்கள். எரியும் வாயு காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு கூடித் தண்ணீராகி, தட்டில் பனியாய்த் துளிர்க்கும். ஆளுக்கு ஒரு சொட்டு. இவ்வளவு கஞ்ச சாமியா என்று குலசேகரன் முதலில் சிரித்ததுண்டு.

"குழாயைப் பிடிங்க," என்றார் அம்மாள்.

குடுவையை எடுத்த எடுப்பில் கொளுத்தக் கூடாது. கொஞ்சம் வாயுவைச் சின்னக் குழாயில் பிடித்துத் தீக்காட்டிப் பார்க்க வேண்டும். சுத்தமான வாயு சத்தமில்லாமல் எரியும்; காற்று கலந்திருந்தால் குழாய் கத்தும். அப்போது குடுவையைக் கொளுத்தினால் ஆளுக்கே ஆபத்து.

பட்!

"இன்னும் காத்து இருக்கும்மா."

"உங்க தம்பி பேரென்ன?"

"அந்தப் பய பேரு இப்ப எதுக்கு?"

தன் குரலைக் கேட்டு அவருக்கே வெட்கமாகப் போய்விட்டது.

"இன்னொரு குழாய்."

பட்!

"தம்பி பேரு?"

"நல்லமுத்து. நல்லா இருக்கட்டும்மா. அவனை எப்பவோ மன்னிச்சுட்டேன்."

பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"இன்னொண்ணு."

மூன்றாவது குழாயைப் பிடித்தார். தீயிடம் கொண்டுபோக அவருக்கு மனம் வரவில்லை.

"நான் போகலம்மா. கல்யாணப் பந்தல்லயே அவன் சட்டையைப் பிடிச்சிருவேன். அப்பா முகத்தைக் கடைசியா ஒரு தடவை பார்க்க விடலையே அவன். எனக்குக் கோபம் தீரல. தீர்ந்த மாதிரி நடிச்சேன்."

சொல்லிவிட்டுக் குழந்தைபோல அழுதார்.

அம்மாள் குழாயை வாங்கித் தீயில் காட்டினார்.

சத்தமே இல்லை. குழாயின் வாயில் நீலமாய் ஏதோ மெல்ல எரிந்தது.

"ஒன்பதரைக்கு பஸ்," என்றார் அம்மாள். "போயிட்டு வாங்க."