வெள்ளன போய் ஓட்டுப் போட்ட கதை

ஊமத்தங்குளத்துக்காரங்களுக்கு ஓட்டுப் போடத் தெரியாதுன்னு சுத்துப்பட்டியில ஒரு பேச்சு இருக்கு. வயித்தெரிச்சல்தான், வேற என்ன? போன உள்ளாட்சித் தேர்தல்ல நாங்க ஆறு பேரு எவ்வளவு ஒழுங்கா ஓட்டுப் போட்டோம்னு சொல்றேன். கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க.

எங்க கொம்பையா அண்ணாச்சி வார்டு மெம்பருக்கு நின்னார். சீப்புச் சின்னம். எதிர்த்து நின்னது யாரு? அவரு பெண்டாட்டியோட சொந்தத் தம்பி நல்லபெருமாள். தோக்கிறவன் மீசையை எடுத்துரணும்னு டீக்கடையில வச்சு ரெண்டு பேருக்கும் பந்தயம். நல்லபெருமாளுக்கு மீசைன்னு பெருசா ஒண்ணும் கிடையாது, எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். அண்ணாச்சி மீசை அப்படியா? காதுகிட்ட போய்த் திரும்பி வரும். அதைப் பார்த்துத்தான் மைனி தன்னைக் கட்டிக்கிட்டதா அண்ணாச்சி சொல்வார். அப்பல்லாம் மைனி எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிருவாங்க.

ஓட்டுக்கு முந்தின நாள் அண்ணாச்சி எங்களைக் கூப்பிட்டு, "எப்பா, என் மீசை உங்க கையில இருக்கு" என்றார். எங்க கூட்டாளி சங்கிலிபூதம் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நாளைக்கு வெள்ளன போயிரணும். லேட்டானா நம்ம ஓட்டை வேற எவனாவது போட்டுட்டுப் போயிருவான்."

நாங்க போனப்போ பள்ளிக்கூடத்துக் கேட்டே திறக்கலை. எங்களுக்கு முன்னால ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது. அது ஓட்டுப் போட வந்ததா, சும்மா வந்ததான்னு தெரியலை. எதுக்கு வம்புன்னு அதுக்குப் பின்னாலயே நின்னோம். கேட்டைத் திறந்ததும் அது எந்திரிச்சு வெளியே போயிட்டு. "பாவம், லிஸ்டுல பேரு விட்டுப்போச்சு போல" என்றான் உச்சிமாகாளி.

வாசல்ல நின்ன போலீஸ்கார அக்கா சத்தம் போட்டாங்க. "கும்பலா நிக்காதீங்க! எல்லாரும் ஒருத்தர் பின்னால ஒருத்தர் நிக்கணும். அப்படி நிக்காத ஆளை உள்ள விட மாட்டேன்."

அண்ணாச்சி முதல்ல நின்னார். நாங்க அவர் பின்னால. சங்கிலிபூதத்துக்கு முகம் மாறிட்டு.

"அண்ணாச்சி, நாங்கள்லாம் ஒருத்தர் பின்னால நிக்கோம். நீங்க யார் பின்னால நிக்கீங்க?"

அண்ணாச்சி முன்னால பார்த்தார். வெறும் வாசல்தான் இருந்தது. "யாரும் இல்லையேடே."

"அப்போ உங்களை விட மாட்டாங்க. அந்த நாயைப் பார்த்தீங்கல்லா? முன்னால ஆளில்லாம படுத்திருந்தது, வெளியே போயிட்டு."

"நான் வேணா அண்ணாச்சிக்கு முன்னால வாரேன்" என்றான் உச்சிமாகாளி.

"நீ வந்தா, நீ யாரு பின்னால நிப்பே?"

எல்லாருக்கும் வேர்த்துட்டு. கடைசியில நான்தான் வழி கண்டுபிடிச்சேன், பெருமைக்குச் சொல்லலை. வரிசையை அப்படியே வேப்பமரத்தைச் சுத்தி வளைச்சோம். கடைசி ஆளு நான். எனக்குப் பின்னால அண்ணாச்சி வந்து நின்னுட்டார். இப்போ ஒருத்தர் பாக்கியில்லாம எல்லாரும் இன்னொருத்தர் பின்னால. அண்ணாச்சி என் தோளைத் தட்டிக் குடுத்தார்.

வரிசை நல்லா வேகமா நகர்ந்தது. வாசல்தான் வரவே இல்லை. ஊரே வந்து ஓட்டுப் போட்டுட்டுப் போச்சு. நல்லபெருமாள் தன் ஆட்களோட வந்து போட்டுட்டு, எங்களைப் பார்த்து ஒரு கும்பிடும் போட்டுட்டுப் போனான்.

மத்தியானம் போலீஸ்கார அக்காவுக்குப் பொறுக்கலை. "காலையிலருந்து என்னய்யா மரத்தைச் சுத்துறீங்க, நேர்த்திக்கடனா?" ஒவ்வொருத்தர் கையாப் பிடிச்சு உள்ளே தள்ளினாங்க.

உள்ளே ஆபீசர் சீட்டையும் முத்திரையையும் குடுத்து, "யாருக்குப் போடுறீங்கன்னு ஒருத்தருக்கும் தெரியக்கூடாது" என்றார். தங்கமான மனுசன். ஒருத்தருக்கும்னா எனக்குந்தானே? கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு ஓங்கி ஒரு குத்து. வெளியே வந்து கேட்டா எல்லாரும் அப்படித்தான் போட்டிருக்காங்க. உச்சிமாகாளிக்கு மட்டும் மேசையில குத்தின மாதிரி சத்தம் கேட்டுதாம். "அதையும் நீ வெளியே சொல்லப்படாது" என்று சங்கிலிபூதம் கண்டிச்சான். அண்ணாச்சி வேட்பாளர் இல்லையா, இன்னும் கவனம். ரெண்டு கையாலயும் கண்ணைப் பொத்திக்கிட்டு, முத்திரையைப் பல்லால கடிச்சுக் குத்தியிருக்கார். மீசை முழுக்க ஊதா மை.

மூணு ஓட்டுல தோத்துட்டார்.

சலூன்ல அந்த மீசை கீழே விழுந்தப்போ எனக்கு அழுகையே வந்துட்டு. மைனி மட்டும் வாசல்ல நின்னு உத்துப் பார்த்துட்டு, "இப்பத்தான் மூஞ்சியே தெரியுது" என்றாங்க.

அண்ணாச்சி மேலுதட்டைத் தடவிக்கிட்டே கேட்டார். "எல்லாம் முறைப்படிதானேடே செஞ்சோம். எங்க தப்பு நடந்துச்சு?"

"லேட்டாயிட்டு அண்ணாச்சி" என்றான் சங்கிலிபூதம். "இன்னும் வெள்ளன போயிருக்கணும்."

மறுநாளே போயிட்டோம். நாங்க மரத்தைச் சுத்தி நின்னதைப் பார்த்து ஹெட்மாஸ்டர் ஓடி வந்தார். "என்னய்யா இது? அடுத்த எலெக்‌ஷனுக்கு இன்னும் அஞ்சு வருசம் கிடக்கு!"

"அதான் சார் வெள்ளன வந்துட்டோம்" என்றார் அண்ணாச்சி. "அதுக்குள்ள மீசையும் வளந்துரும்."

சேதி நல்லபெருமாளுக்குப் போச்சு. பதவி ஏத்துக்க வெள்ளை வேட்டி கட்டிக் கிளம்பினவன், அதை விட்டுட்டு இங்க பதறியடிச்சு வந்தான்.

"அத்தான், எனக்கு முன்னால போட்டுரலாம்னு பாக்கீங்களா?"

"ஆசைதான் மாப்ள உனக்கு. போ, கடைசி ஆளுக்குப் பின்னால போய் நில்லு."

அவனும் அந்தக் கடைசி ஆளைத் தேடி அப்போ இருந்து எங்களைச் சுத்திச் சுத்தி வாரான். இன்னும் அகப்படலை.