ஊற்றுக்குக் காவல் நின்ற யானை

“மணல் சரியத்தான் செய்யும். அதற்காக மணலோடு…”

மந்தையின் பெரியவர் சொன்னதில் இவ்வளவுதான் கரும்பன் யானைக்கு நினைவில் நின்றது. மணலோடு மல்லுக்கட்டாதே என்றாரா, கோபித்துக்கொள்ளாதே என்றாரா? அவர் போய்ச் சேர்ந்து ஏழு கோடை ஆகிவிட்டது. கேட்க ஆளில்லை.

ஆறு வற்றிக் கிடந்தது. விடிந்ததும் கரும்பன் ஆற்று மணலைக் காலால் பறிக்கும், தும்பிக்கையால் வாரி ஒதுக்கும். முழங்கால் ஆழத்தில் ஈரம் தட்டும். இன்னும் கொஞ்சம் பறித்தால் தண்ணீர். ஒரு வாய் குடித்துவிட்டு மேயப் போகும். பிறகு காடே வந்து குடிக்கும். சாயங்காலத்துக்குள் மணல் சரிந்து குழி மூடிவிடும். மறுநாள் மறுபடியும் முதலிலிருந்து. முன்னங்காலில் நகம் வெடித்திருந்தது. முதுகெல்லாம் வலி.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஊற்றில் குடித்தவர்கள், தோண்டியவன் பெயரை ஒருமுறை சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். இந்தக் கோடையில் யாருமே சொல்வதில்லை என்று மைனா வந்து வத்தி வைத்தது. குழிதான் யானையுடையது, தண்ணீர் ஆற்றினுடையது என்று பன்றி பேசியதாம்.

கரும்பனுக்கு மனம் கசந்துவிட்டது. மறுநாள் தோண்டி முடித்து அங்கேயே நின்றுகொண்டது. முதலில் பெயர், அப்புறம்தான் தண்ணீர் என்று கறாராகச் சொல்லிவிட்டது.

மான்கள் பயந்து பயந்து சொல்லின. குரங்குகள் பாட்டாகவே பாடின. பன்றி கண்ணை மூடிக்கொண்டு, “கரும்பன், கரும்பன், கரும்பன். நாளைக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டேன் அண்ணே” என்றது.

கேட்கக் கேட்கக் கரும்பனுக்குப் பசிதான் எடுத்தது. மேயப் போகவும் மனமில்லை. போனால் யாராவது சும்மா குடித்துவிடுவார்களே!

குழியோரம் ஓர் அழுங்கு வந்தது. இருட்டில் நடமாடும் எறும்புதின்னி அது. தாகம் அதைப் பகலில் இழுத்து வந்திருந்தது. யானையைக் கண்டதும் செதில்களை மூடி உருண்டையாகச் சுருண்டுகொண்டது. பெயரைச் சொல் என்றது கரும்பன். அழுங்கு இன்னும் இறுகியது. திமிர் என்று நினைத்தது யானை.

“சொல்லாவிட்டால் கிட.”

உச்சி வெயிலில் பன்றிதான் வாய் திறந்தது. “அண்ணே, அது பயந்து கிடக்கிறது. நீங்கள் இங்கே நிற்கிறவரை செத்தாலும் சுருள் பிரியாது.”

கரும்பன் குனிந்து பார்த்தது. செதில்களில் அசைவே இல்லை. பதறி ஓர் அடி எடுத்து வைத்தது. அந்தக் கனத்தில் மணல் சரிந்து குழி மூடிக்கொண்டது. காலையிலிருந்து பெயர் சொன்னவர்கள் எல்லாரும் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

கரும்பன் மறுபடி தோண்டியது. வெடித்த நகத்தில் இரத்தம் கசிந்தது. தண்ணீர் ஊறியதும் தள்ளிப் போய் ஒரு மருத மரத்தின் பின்னால் நின்றுகொண்டது.

வெகுநேரம் கழித்து உருண்டை மெல்லப் பிரிந்தது. நீண்ட நாக்கு தண்ணீரைத் தொட்டது. குடித்து முடித்த அழுங்கு யாரையும் தேடவில்லை, எதையும் சொல்லவில்லை. புதருக்குள் போய்விட்டது.

கரும்பனுக்கு முதுகு வலித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் யார் பெயர் சொல்வார்கள் என்று காத்திருக்க இனி ஒன்றுமில்லை.

செய்த வேலையின் பலனுக்குக் காவல் நிற்பவனுக்கு, வேலையைவிடக் காவலே பெரிய சுமை.

நாளையிலிருந்து தோண்டி முடித்து ஒரு வாய் குடித்ததும், யார் வருகிறார்கள் என்று பார்க்காமல் மேயப் போய்விடுவது என்று கரும்பன் முடிவு செய்தது.