மலையணிலைத் தோற்கடிக்கப் போன முள்ளம்பன்றி

சிலுப்பன் என்ற முள்ளம்பன்றியும், செங்கோடன் என்ற மலையணிலும், ஒரு குரங்கும் தினமும் மாலையில் ஓடைக்கரைப் புங்கமரத்தடியில் கூடி விளையாடின.

விளையாட்டு எளிதானதுதான். ஒரு கொட்டாங்கச்சியில் சிவப்பு விதைகளும் கறுப்பு விதைகளும் கலந்து கிடக்கும். ஆட்டத்தில் சேராத ஓர் ஆமை கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்கு ஐந்து விதை எடுத்து, தேக்கிலையால் மூடித் தரும். தன் இலையைத் தான் மட்டுமே தூக்கிப் பார்க்கலாம். யாரிடம் சிவப்பு அதிகமோ அவருக்கு வெற்றி.

பந்தயம் வாதாங்கொட்டை. முதலில் எல்லோரும் ஆளுக்கு ஒன்று நடுவில் போட வேண்டும். பிறகு துணிச்சல் உள்ளவர் இன்னும் போடலாம். மற்றவர்களும் அதே அளவு போட்டால்தான் ஆட்டத்தில் இருக்கலாம். பயந்தவர் இலையைத் தள்ளிவிட்டு விலகிக்கொள்ளலாம். கையில் வெறும் கறுப்பை வைத்துக்கொண்டு, சிவப்பு இருப்பதுபோல் நிறையப் போட்டு மற்றவர்களை மிரட்டலாம். சாமர்த்தியமெல்லாம் அதில்தான் இருந்தது.

குரங்கு ஒருநாள் ஜெயிக்கும், ஒருநாள் தோற்கும். செங்கோடன் பெரும்பாலும் ஜெயிக்கும். சிலுப்பன் தினமும் தோற்றது.

தோற்றதுகூட அதற்கு அவ்வளவு வலிக்கவில்லை. செங்கோடன் ஜெயித்ததுதான் வலித்தது. செங்கோடன் வாலை முதுகில் போட்டுக்கொண்டு உட்காரும் அழகைப் பார்த்தால் சிலுப்பனுக்கு எரிந்தது. அது ஜெயித்த கொட்டைகளைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு மரமேறினால் இன்னும் எரிந்தது. “பரவாயில்லை அண்ணே, நாளைக்குப் பார்த்துக்கலாம்!” என்று அது அன்பாகச் சொன்னபோதுதான் எல்லாவற்றையும்விட அதிகமாக எரிந்தது.

“அவன் ஏமாற்றுகிறான்!” என்று வளையில் வந்து மனைவியிடம் குமுறியது சிலுப்பன்.

மனைவி கூராயி சேமிப்புக் குழியை எட்டிப் பார்த்தது. மழைக்காலத்துக்காக இருவரும் சேர்த்து வைத்த கொட்டைகளில் பாதி போய்விட்டிருந்தது.

“ஏமாற்றுகிறானோ இல்லையோ, மழைக்கு நமக்குச் சாப்பாடு வேணும். ஒன்று ஆட்டத்தை விடுங்க. இல்லை, ஒழுங்காக் கத்துக்குங்க. ரெண்டும் இல்லாமல் தினமும் போய்க் கொடுத்துட்டு வராதீங்க!”

மறுநாள் சிலுப்பன் எல்லோர் முன்னாலும் கத்தியது. “செங்கோடா, நீ உட்காரும் இடத்தில்தான் ஏதோ இருக்கிறது! இன்று அங்கே நான் உட்காருவேன்!”

“தாராளமா உட்காருங்க அண்ணே!” என்று நகர்ந்து கொடுத்தது செங்கோடன்.

இடம் மாறியும் சிலுப்பன்தான் தோற்றது. குரங்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

செங்கோடனுக்குப் பாவமாக இருந்தது. “அண்ணே, தப்பா நினைக்காதீங்க. உங்களுக்குச் சிவப்பு வந்தால் முதுகிலே முள்ளெல்லாம் சிலிர்த்துக்குது. உடனே நாங்க விலகிக்கிறோம். முள் படிஞ்சு கிடக்கிறப்ப நீங்க நிறையப் போட்டால், மிரட்டுறீங்கன்னு தெரிஞ்சுபோகுது. அதோட, நீங்க எந்த ஆட்டத்திலும் விலகுறதே இல்லை. கறுப்பு வந்தால் பேசாமல் விலகிடணும் அண்ணே!”

சிலுப்பனுக்கு முகம் சுண்டிவிட்டது. ‘எனக்கே புத்தி சொல்கிறான்! சொல்லிக் கொடுத்தாலும் என்னால் ஜெயிக்க முடியாது என்ற திமிர்!’ என்று நினைத்துக்கொண்டது.

ஆனால் சொன்னதை மறக்கவில்லை. பத்து நாள் ஆட்டத்துக்குப் போகாமல் வளையிலேயே பழகியது. கூராயி இலையை நீட்டும். சிவப்பைப் பார்த்ததும் சிலுப்பன் மூச்சை அடக்கி, முதுகை வளைச் சுவரோடு அழுத்திக்கொள்ளும். முதல் மூன்று நாள் முள் கேட்கவில்லை. பத்தாம் நாள் ஐந்தும் சிவப்பாக வந்தபோதுகூட ஒரு முள் அசையவில்லை. கறுப்பு வந்தால் விலகவும் பழகிக்கொண்டது.

“இப்போ போங்க!” என்றது கூராயி.

சிலுப்பன் போனது. என்ன ஆச்சரியம்! அன்று குரங்கிடம் மூன்று ஆட்டம் ஜெயித்தது.

“அடேயப்பா! இது பழைய சிலுப்பனா?” என்று வாயைப் பிளந்தது குரங்கு.

அடுத்த ஆட்டத்தில் சிலுப்பனுக்கு ஒரே ஒரு சிவப்புதான் வந்தது. விலக வேண்டிய ஆட்டம். அதுவும் அதற்குத் தெரிந்திருந்தது. அப்போது செங்கோடன் ஐந்து கொட்டைகளை நடுவில் தள்ளியது.

சிலுப்பனின் மார்பு எரிந்தது. ‘இவனுக்கு முன்னாலா விலகுவது?’

“நானும் ஐந்து!” என்றது.

செங்கோடனிடம் நான்கு சிவப்பு இருந்தது.

அன்று மட்டுமல்ல, ஒவ்வொரு நாளும் இதே கதைதான். குரங்கிடம் நிதானமாக ஆடி ஜெயித்ததையெல்லாம் செங்கோடனிடம் வீம்புக்கு ஆடித் தோற்றது. பழகியதெல்லாம் அந்த ஒரு முகத்தைப் பார்த்ததும் பறந்து போனது.

ஒருநாள் சிலுப்பன் பாட்டுப் பாடிக்கொண்டே வளைக்கு வந்தது.

“ஜெயிச்சுட்டீங்களா?” என்று ஓடி வந்தது கூராயி.

“இல்லை, தோற்றுவிட்டேன்! ஆனால் செங்கோடன் என்னைவிட அதிகமாகத் தோற்றான்! குரங்கு எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனது! செங்கோடன் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும்!”

கூராயி சிரிக்கவில்லை. “அவன் தோத்ததை நாம சாப்பிட முடியுமா?” என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனது.

மறுநாள் செங்கோடன் வரவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் தன் அக்காளைப் பார்க்கப் போயிருந்தது.

“நல்லதாப் போச்சு! வா சிலுப்பா, இன்றைக்கு நாம ரெண்டு பேர்தான். நீதான் இப்போ என்னைச் சுலபமா ஜெயிக்கிறியே!” என்று கூப்பிட்டது குரங்கு.

சிலுப்பன் உட்கார்ந்தது. ஆமை இலையை நீட்டியது. தூக்கிப் பார்த்தால் நான்கு சிவப்பு! ஆனாலும் அதற்கு ஒரு சந்தோஷமும் வரவில்லை. கண் மட்டும் செங்கோடன் உட்காரும் இடத்துக்கே போய்க்கொண்டிருந்தது. அந்த ஆட்டத்தை ஜெயித்தது. கொட்டைகளைப் பொறுக்கிக்கொண்டு எழுந்துவிட்டது.

“ஏன் சீக்கிரம் வந்துட்டீங்க?” என்றது கூராயி.

“செங்கோடன் வரவில்லை.”

“அப்போ இன்னும் ஜெயிச்சிருக்கலாமே!”

“என்னவோ, பிடிக்கவில்லை.”

கூராயி கணவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. “ஒண்ணு கேக்கிறேன், கோவிச்சுக்காதீங்க. இந்த ஆட்டம் உங்களுக்கு என்னைக்காவது பிடிச்சிருந்ததா?”

சிலுப்பன் வெடுக்கென்று பதில் சொல்ல வாயைத் திறந்தது. பிறகு யோசித்துப் பார்த்தது. குரங்குக்கு ஆட்டம் பிடிக்கும், தோற்றாலும் சிரிக்கும். செங்கோடனுக்கும் பிடிக்கும், ஆட்டம் முடிந்த பிறகும் அதைப் பற்றியே பேசும். தனக்கு?

“இல்லை,” என்றது கடைசியில். “அவன் முகம் வாடுவதைப் பார்க்கத்தான் போனேன். பத்து நாள் பழகியதும் அதற்குத்தான்.”

இரண்டு நாள் கழித்து செங்கோடன் ஊர் திரும்பியது. நேராக வளை வாசலுக்கே வந்துவிட்டது.

“என்ன அண்ணே, ஆட்டத்துக்கு வரலையா? நீங்க இப்போ ரொம்ப நல்லா ஆடுறீங்க! என்கிட்ட மட்டும் கொஞ்சம் பொறுமையா ஆடினீங்கன்னா, சீக்கிரமே என்னையும் ஜெயிச்சிடுவீங்க!”

சிலுப்பனுக்கு மறுபடியும் மார்பு எரிந்தது. செங்கோடன் சொன்னது பொய்யில்லை என்று அதற்குத் தெரியும். இன்னும் கொஞ்சம் பழகினால் ஜெயித்தே விடலாம். அந்த வால் தரையில் துவண்டு கிடப்பதைக் கண்ணாரப் பார்க்கலாம்!

காலை ஓர் அடி முன்னால் வைத்தது. பிறகு நின்றது.

“ஜெயிக்கலாம்தான், தம்பி. ஆனால் உன்னை ஜெயித்த மறுநாள் எனக்கு அங்கே என்ன வேலை? நீ போய் ஆடு!”

செங்கோடனுக்கு ஒன்றும் புரியவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு போனது.

அன்று மாலை சிலுப்பனும் கூராயியும் மேட்டுப் பக்கம் போய்க் கிழங்கு தோண்டின. புங்கமரத்தடியிலிருந்து “ஜெயிச்சுட்டேன்!” என்று செங்கோடனின் குரல் கேட்டது. சிலுப்பன் சட்டென்று நிமிர்ந்தது. உள்ளே சுருக்கென்று குத்தியது.

“இந்தப் பக்கம் மண்ணு இளகலா இருக்கு, இங்கே வாங்க!” என்று கூப்பிட்டது கூராயி.

சிலுப்பன் அங்கே போய், கையை மண்ணில் விட்டுத் தோண்டத் தொடங்கியது.

ஒரு செயலில் முன்னேறுவதா, அதை விட்டுவிடுவதா என்று முடிவு செய்யும் முன், அதன் மேல் உள்ள ஆசையால் அதைச் செய்கிறோமா, அடுத்தவர் மேல் உள்ள பொறாமையால் செய்கிறோமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.