மஞ்சள் பூசிய அகில்

"எனக்கு ஒன்றும் வாய்க்கவில்லை, அம்மா. நான் ஊருக்கே போய்விடுகிறேன்."

கூடலிங்கம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் வந்திருந்தார். கல்லூரியில் தர்க்கவியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். தவமணி அம்மை அவரைவிட வயதில் இளையவர். ஆனாலும் அந்த மலையடிவார மடத்தில் குரு அவர்தான்.

அம்மை உளியை எடுத்துக்கொண்டு அகில் தோப்புக்கு நடந்தார். கூடலிங்கம் பையோடு பின்னால் போனார்.

காயம் படாத அகிலில் வாசம் கிடையாது. அதனால் மடத்தார் தண்டில் துளையிட்டு, உள்ளே ஒருவகைப் பூஞ்சையை வைப்பார்கள். மரம் அதோடு மல்லுக்கட்டும்போது கறுப்பாகப் பிசின் ஊறும். வாசமெல்லாம் அந்தப் பிசினில்தான். போன மழைக்காலத்தில் சீடர்களுக்கு ஆளுக்கொரு வரிசை கொடுத்திருந்தார்கள்.

பக்கத்து வரிசையில் அம்மை ஒரு மரத்தைச் செதுக்கினார். உள்ளே கறுத்திருந்தது.

கூடலிங்கத்தின் வரிசையில் செதுக்கினார். வெள்ளை வெளேரென்ற கட்டை.

"பூஞ்சை வைத்தீர்களா?"

"வைத்தேன்."

"பிறகு?"

கூடலிங்கம் தயங்கினார். துளைபட்ட மரங்களைப் பார்க்கப் பாவமாக இருந்ததாம். அன்றிலிருந்து தினமும், காயம் ஆறட்டும் என்று, மஞ்சள் அரைத்துத் துளைகளில் அப்பி வருகிறாராம். இன்று காலையில்கூட.

"மாப்பிள்ளை மாதிரி வளர்த்திருக்கிறீர்கள்" என்றார் அம்மை.

"மரம் கிடக்கட்டும். என்னிடம் என்ன குறை என்று ஒருநாளாவது சொன்னீர்களா?"

"சொன்னேனே. பேச்சு நீளம் என்றேன்."

"அது விரித்துரைத்தல், அம்மா. உரையாசிரியர்கள் அதைக் குணமாகத்தான் கொள்வார்கள்."

"பந்தியில் முதல் ஆளாக உட்காருகிறீர்கள் என்றேன்."

"உடம்பைப் பேணுவதும் தவத்தில் அடக்கம். நூல்களிலேயே இருக்கிறது."

அம்மை உளியை முந்தானையில் துடைத்தார்.

"தியானத்தில் தூங்குகிறீர்கள்."

அதற்கும் கூடலிங்கத்திடம் ஒரு மேற்கோள் இருந்தது. சொல்வதற்கு முன், வகுப்பில் செய்வதுபோலச் சுட்டுவிரலை உயர்த்தினார்.

விரல் மஞ்சளாக இருந்தது.

விரலையும், செதுக்கிய அந்த வெள்ளைக் கட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பையைக் கீழே வைத்தார்.