முதலாளியைத் தெரியாத மென்பொருள்

ரத்த வங்கிக்கு மென்பொருள் விற்க வந்த முதலாளி ஆராவமுதன், பெரிய டாக்டர் முன்னால் ஒரு பொத்தானைத் தட்டினார். கொடையாளர் பட்டியல் சட்டென்று வந்தது.

"டேட்டாபேஸோட இணைச்சாச்சு. நோட்டையெல்லாம் எரிச்சிடுங்க!" என்றவர், பதிவேடு எழுதும் பேச்சியம்மாளைப் பார்த்தார். "முடிஞ்சா ஒரு குறை சொல்லும்மா."

"உங்க பேரையும் சேருங்களேன் சார்."

அவர் பூரித்துப்போய்ச் சேர்த்தார். 'சேமிக்கப்பட்டது' என்றது திரை.

பேச்சியம்மாள் பக்கத்துக் கணினியில் அதே மென்பொருளைத் திறந்து அவர் பெயரைத் தேடினாள். அது இல்லை. டேட்டாபேஸ் இணைப்பே கிடையாது. காட்டிய பட்டியலும், மென்பொருளுக்குள்ளேயே முன்கூட்டி எழுதி வைத்திருந்த பத்துப் பெயர்தான்.

"எதிர்ல நிக்கிற உங்களையே இதுக்குத் தெரியலையே சார்! உசுருக்குப் போராடுறவங்களுக்கு இதை நம்பியா ரத்தம் தேடுறது?"

அன்றிலிருந்து அங்கே மென்பொருள் விற்க வருபவர், முதலில் பேச்சியம்மாளிடம் தன் ரத்த வகையைச் சொல்லிப் பதிந்து, பக்கத்துக் கணினியில் அதைத் தேடிக் காட்டியாக வேண்டும். பெரிய டாக்டர் உத்தரவு.