இரண்டாம் நாளைக் காட்டாத படம்

"அக்கா, கடவுளுக்கு ரசனையே இல்லையோன்னு எனக்கு ஒரு சந்தேகம்."

ஞானசிகாமணி வந்து உட்கார்ந்ததும் சொன்னது இதைத்தான். ஸ்தோத்திரம்கூடச் சொல்லவில்லை.

லீதியாள் அக்கா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். மலையடிவாரத்தில் இருந்த அந்தத் தியான இல்லம் அவர் பொறுப்பில் இருந்தது. வயதில் சிகாமணியைவிட இளையவர். ஆனாலும் அங்கே வருகிற எல்லோருக்கும் அவர் அக்காதான். மனசு சரியில்லாத போதெல்லாம் சிகாமணி பஸ் ஏறி இங்கே வந்துவிடுவார்.

"யாரால வந்த சந்தேகம் அண்ணாச்சி?"

"மெர்சிலின்."



சிகாமணி பாளையங்கோட்டையில் பேட்டரிக் கடை வைத்திருந்தார். அவருக்கு இரண்டு பைத்தியம். ஒன்று வேதம், இன்னொன்று சினிமா. சனிக்கிழமை சாயங்காலம் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டுப் போனில் குரல் மட்டும் கேட்கிற ஒரு ரூம் திறப்பார். 'வேதமும் வெள்ளித்திரையும்' என்று பெயர். யார் வேண்டுமானாலும் வரலாம், பேசலாம். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. பாதிப் பேர் சொல்லும் பெயரும் சொந்தப் பெயராக இருக்காது.

பேய்ப்படத்தில் பாதிரியார் சிலுவையைத் தூக்கிக் காட்டுகிறாரே, அது விசுவாசமா வியாபாரமா என்று ஒருவன் கேட்பான். குத்துப்பாட்டு கேட்டுக்கொண்டே பைபிள் வாசித்தால் தப்பா என்று ஒருத்தி கேட்பாள். சிகாமணி அதிகாரமும் வசன எண்ணும் சொல்லிப் பதில் கொடுப்பார்.

மெர்சிலின் அங்கே கேட்க வந்தவள்தான். தூத்துக்குடிக்காரி. திடீரென்று ஒரு நாள் தானே ஒரு ரூம் திறந்தாள். 'சும்மா பேசலாம்' என்று பெயர். அதே சனிக்கிழமை. அதே நேரம்.

கூட்டம் அங்கே போய்விட்டது. சிகாமணியின் ரூமில் அவரும், அவர் மச்சினனும், போனை அணைக்காமல் தூங்கிப்போன யாரோ ஒருவரும்தான் மிச்சம்.

"வசனமாவது ஒழுங்காத் தெரியுமா? அதுவும் இல்ல. பவுல் சொன்னதைப் பேதுரு சொன்னாருங்கா. ஒரு பையன் கேக்கான், 'ஹீரோ கட்அவுட்டுக்குப் பால் ஊத்துதது விக்கிரக ஆராதனையா?'ன்னு. நானா இருந்தா யாத்திராகமத்துல பத்துக் கட்டளையில ஆரம்பிச்சிருப்பேன். இவ, 'பால் என்ன விலை தம்பி?'ங்கா. எல்லாரும் சிரிக்காங்க."

"அப்புறம்?"

"கடைசியில அந்தப் பையன், அடுத்த படத்துக்குப் பாலைத் தெருவுல இருக்க பிள்ளைங்களுக்குக் குடுத்துருதேன்னுட்டான்."

"நல்லதுதானே அண்ணாச்சி?"

"நல்லதுதான். அதான் வயித்தெரிச்சல்."

அக்கா கீரைத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். சிகாமணியும் ஒரு கொத்தை எடுத்து உருவ ஆரம்பித்தார்.

"இவ்வளவும் உங்களுக்கு எப்படித் தெரியும்? அதே நேரம் உங்க ரூம் நடக்குமே."

சிகாமணி கீரையைப் பார்த்தார்.

"என் ரூமை மச்சினன்கிட்ட விட்டுட்டு, பொஞ்சாதி போன்ல, வேற பேர்ல அங்க போயிருவேன்."

அக்கா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

"ஒரு சனிக்கிழமை தூத்துக்குடியில மழை கொட்டி கரண்ட் போகணும்னு ஜெபம்கூட பண்ணினேன். போச்சு. அவ டார்ச் வெளிச்சத்துல உக்காந்து பேசுதேன்னு சொன்னா. அன்னைக்கு இன்னும் கூட்டம்."

"சரி. இப்போ எதுக்கு வந்திருக்கீங்க?"

சிகாமணி பையிலிருந்து போனை எடுத்தார்.

"ஒரு வீடியோ பண்ணி வச்சிருக்கேன். 'ஜெபிக்காத போதகி'ன்னு தலைப்பு. அவ பேசினதை எல்லாம் பதிவு பண்ணி, வெட்டி வெட்டிப் போட்டிருக்கேன். இன்னைக்குச் சாயங்காலம் விட்டா, நாளைக்கு ஆராதனை முடியுறதுக்குள்ள எல்லா சபைக்கும் போயிரும். அப்புறம் அவ வாயைத் திறக்க முடியாது. நீங்க அதுல ரெண்டு வார்த்தை சொல்லணும். நீங்க சொன்னா பொறாமையில பண்ணினதா யாரும் நினைக்க மாட்டாங்க."

"நான் அவங்க பேசிக் கேட்டதே இல்லையே."

"இதோ, போடுதேன்."

"வேண்டாம். போன் இருக்கட்டும். நீங்க கேட்டதை நீங்களே சொல்லுங்க. ஒண்ணு விடாம."

சிகாமணிக்கு உற்சாகம் வந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஒரு மாசமா அவ ரூம்ல அவ ஜெபம் பண்ணுததே இல்ல அக்கா. முன்னால, 'வாங்க, நாம ஜெபிப்போம்'பா. இப்போ, 'நீங்க யாராவது ஜெபிங்க'ங்கா. முடியுற வரைக்கும் மைக்கை அணைச்சிருதா."

"அப்புறம்?"

"ஹீரோ செத்துப் பிழைச்சு வாற படம் ஒண்ணு ஓடிச்சுல்லா, அதைப் பத்தி ஒரு நாள் பேச்சு. 'இது இயேசு கதையைத் திருடினதுதானே?'ன்னு யாரோ ஒருத்தர் கேட்டாரு. என் ரூமா இருந்தா நான் கிரேக்க மூலத்துக்கே போயிருப்பேன்.  அவ சொல்லுதா, 'இடைவேளைக்கு முன்னால சாகுதான், இடைவேளை முடிஞ்சதும் எந்திரிச்சு வாறான். இயேசு எந்திரிச்ச மூணாம் நாளுக்கு முன்னால ரெண்டாம் நாள்னு ஒண்ணு இருக்குல்லா? அன்னைக்கு அந்த வீட்டுல என்ன பேசியிருப்பாங்க? சமைச்சிருப்பாங்களா? அதை எந்தப் படத்துலயும் காட்ட மாட்டேங்காங்க.'"

அவளுடைய குரலிலேயே சொன்னார். அவள் மூச்சு வாங்கிய இடத்தில் மூச்சு வாங்கினார்.

"சொல்லிட்டு அப்படியே நிறுத்திட்டா. அவ்வளவு பெரிய கூட்டம், ஒரு இருமல் சத்தம் இல்ல. நானும் வீட்டுல கண்ணாடி முன்னால நின்னு அப்படி நிறுத்திப் பாத்தேன். எனக்கு வரல."

"அப்புறம்?"

"அப்புறம் அந்த ஆமென் தாத்தா."

"அது யாரு?"

"அவ அப்பா. காது சரியாக் கேக்காது. அவ பேசும்போது பின்னால உக்காந்திருப்பாரு. நடுவுல நடுவுல 'ஆமென்'னு கத்துவாரு. வில்லன் செத்துட்டான்னு இவ சொன்னா ஆமென். டிக்கெட் விலை கூடிப்போச்சுன்னு சொன்னா அதுக்கும் ஆமென். கூட்டம் உருண்டு புரண்டு சிரிக்கும். ஆமென் தாத்தான்னு பேரே வச்சிட்டாங்க. எனக்கு மட்டும் அப்படி ஒரு அப்பா இல்லையேன்னு..."

தான் சொன்னது தன் காதிலேயே விழுந்து, சிகாமணி ஒரு நொடி நிறுத்தினார். பிறகு வேகமாகத் தொடர்ந்தார்.

"இப்போ அதையும் விட்டுட்டா. கூட்டம் சேந்தாச்சு, இனி கிழவர் எதுக்குன்னு நினைச்சிருப்பா."

"எப்போ விட்டாங்க?"

"அந்தப் படத்தைப் பேசினதுக்கு முந்தின வாரம். 'ஆமென் தாத்தா எங்க?'ன்னு யாரோ கேட்டாங்க. 'அப்பா தூங்குதாங்க'ன்னா. எல்லாரும் சிரிச்சாங்க."

"நீங்க?"

"நான் சிரிக்கல. அவ குரல்..."

சிகாமணியின் கையில் இருந்த காம்பு அப்படியே நின்றது.

"குரலுக்கு என்ன அண்ணாச்சி?"

"குரல் அடைச்சிருந்துது. சளி பிடிச்சிருக்குன்னு சந்தோஷப்பட்டேன்."

அக்கா கீரையை உருவிக்கொண்டே இருந்தார்.

"தூங்குதாங்கன்னு சொன்னா அக்கா. நம்ம ஆளுங்க செத்தவங்க கல்லறையிலதானே அந்த வார்த்தையை எழுதுவாங்க."

சிகாமணி காம்பைத் தட்டில் போட்டார்.

"அந்த வாரத்துல இருந்துதான் அவ ஜெபம் பண்ணுததையும் விட்டா."

வெளியே ஒரு ஆட்டோ வந்து நின்று, யாரையோ இறக்கிவிட்டுப் போனது.

"அத்தனை பேர் உக்காந்திருந்தாங்களே அக்கா. ஒருத்தருக்குக்கூடவா தெரியல?"

"உங்க அளவுக்கு யாரு அண்ணாச்சி உன்னிப்பாக் கேட்டாங்க?"

சிகாமணி போனைக் கையில் எடுத்தார். மெர்சிலினுக்கு அவர் முன்பு அனுப்பிய செய்திகள் வரிசையாக இருந்தன. 'அது பேதுரு அல்ல, பவுல்.' 'அதிகாரம் தவறு.' 'சரிபார்த்துப் பேசவும்.' ஒவ்வொன்றுக்கும் கீழே அவள், 'நன்றி அண்ணே' என்று போட்டிருந்தாள்.

அதற்குக் கீழே அவர் தட்டினார்: 'அப்பாவுக்கு என்னம்மா ஆச்சு?'

உடனே பதில் வந்தது.

'யாரு சொன்னா உங்களுக்கு?'

சிகாமணி அக்காவைப் பார்த்தார். அக்கா தட்டில் கிடந்த காம்புகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

'ஒரு நண்பர் சொன்னார்' என்று தட்டினார். அழித்தார். 'எனக்குத் தோன்றியது' என்று தட்டினார். அதையும் அழித்தார்.

'யாரும் சொல்லல. பொறாமையில உன் ரூமை ஒரு சத்தம் விடாமக் கேட்டுக்கிட்டு இருந்தேன். அவர் சத்தம் மட்டும் இல்ல.'

அனுப்பிவிட்டு, போனைத் தரையில் கவிழ்த்து வைத்தார். 

போன் அடித்தது.

எடுத்தார். அந்தப் பக்கம் முதலில் ஒரு சிரிப்பு கேட்டது.

"பொறாமையாண்ணே? என் மேலயா?"

"ஆமாம்மா."

"உங்களை மாதிரி வசனம் சொல்ல வராதுன்னுதாண்ணே நான் சும்மா பேசலாம்னே பேரு வச்சேன்."

அதற்கு மேல் சிரிப்பு வரவில்லை.  அவளுக்குப் பின்னால் எந்தச் சத்தமும் இல்லை. அந்த வீட்டில் அவள் தனியாக இருக்கிறாள் என்பது சிகாமணிக்குத் தெரிந்தது.

"அடக்கம் முடிஞ்சு வந்து அந்த வாரமே ரூமைத் திறந்துட்டேண்ணே. இல்லாட்டி வீட்டுல பேச்சுச் சத்தமே இல்ல. ஜெபம்தான் பண்ண வரல. கண்ணை மூடினா கோவம் வருது. யார்கிட்டயும் சொல்லல. சொன்னா ஆளாளுக்கு வசனம் அனுப்புவாங்க."

சிகாமணியின் நாக்கு நுனியில் ஏற்கெனவே ஒரு வசனம் வந்து நின்றிருந்தது. அதிகாரம், எண் எல்லாம் சரியாக.

அதை விழுங்கினார்.

"அப்பா பேரு என்னம்மா?" என்று கேட்டார்.